ஒரு பெட்டிக்கு மட்டும் பட்டு

1. பாராட்டுக்குக் காத்திருந்தேன்

"நிறுத்து தம்பி, நிறுத்துப்பா. இது என் பொண்டாட்டி கொரல் இல்ல."

கச்சபேசன் ஐயா இப்படிச் சொன்னபோது, அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்துக் காட்டிய பல். மூடவும் மறந்துவிட்டது. டேப் ரிக்கார்டரில் ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் பாடியது அவர் மனைவி ஞானாம்பாள்தான், வேறு யாருமில்லை. நாலு நாள் முன்னால் எங்கள் கடையில் இதே டேப்பை இதே பெட்டிகளில் கேட்டுவிட்டு, "இதான்பா அவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவரும் இதே மனிதர்தான். நாலு நாளில் ஒரு குரல் எப்படி மாறும்?

பாட்டுக்குச் சொந்தக்காரர் சமையற்கட்டு வாசலில் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தார். ஏதோ சொன்னார். "நல்லாத்தானே இருக்குது" என்பது போல் காதில் விழுந்தது. வேலை செய்ய வந்தவன் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறார், நல்ல மனசு, என்று நினைத்துக்கொண்டேன். அத்தோடு அதை மறந்தும் போனேன்.

ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று ஒரு ஆயுசே கழித்தவன் நான். செய்த தப்புக்குக் கணக்கில்லை. ஆனால் பெரிய தப்பு எது என்று யாராவது கேட்டால், அன்றைக்கு அந்த அம்மாள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டதைத்தான் சொல்வேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

2. சுகமா, நிஜமா

எழுபதுகளின் தொடக்கம். எனக்குச் சொந்த ஊர் தென்னேரி. காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டில் ரங்கய்யா என்பவரின் ரேடியோ கடையில் மெக்கானிக்காக இருந்தேன். மெக்கானிக் என்று பெயர்தானே தவிர, முதல் மூன்று வருஷம் கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மரத்தில் ஏறி ஹார்ன் ஸ்பீக்கர் கட்டியதுதான் அதிகம். 'குழாய் கட்டுறவன்' என்றே என்னைத் தெரியும். அந்தப் பெயர் போய், கடைக்குள் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவன் ஆக வேண்டும் என்று எனக்கு வெறி.

ரங்கய்யா கடையில் அப்போது விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஜோடி இரண்டு இருந்தது. ஒன்று அவரே வடிவமைத்துத் தச்சரிடம் சொல்லிச் செய்தது. பீரோ பாதி உயரம். பாட்டுப் போட்டால் பாஸ் வயிற்றில் வந்து உட்காரும். யார் பாடினாலும் வெண்ணெய் தடவினாற்போல் கேட்கும். இன்னொரு ஜோடிக்கான, கனத்த சத்தத்துக்கு வூஃபரும் மெல்லிய சத்தத்துக்கு ட்வீட்டரும் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் வழியாக வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றை வைத்து, கூட வந்த காகிதத்தில் இருந்த அளவுப்படி, காற்றுப் புகாத சின்னப் பெட்டியாக நான் கட்டினேன். அதில் பாடகர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். தம்புரா ஒரு மயிரிழை இறங்கினாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

"எது மொதலாளி நல்ல ஸ்பீக்கர்?" என்று ரங்கய்யாவைக் கேட்டேன்.

அவர் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். "ஏமிரா, இது ஒரு கேள்வியா? கேக்கறவன் தலையாட்டினா நல்ல ஸ்பீக்கர். நீ கட்னது டாக்டர் மாதிரி, இருக்கற நோவெல்லாம் சொல்லும். நான் கட்னது மாமியார் வூட்டு விருந்து. எவனாவது சாப்பாட்ட வுட்டுட்டு டாக்டர்கிட்ட போவானா?"

போவான் என்று காட்டியவர்தான் கச்சபேசன்.

அவர் பிள்ளையார்பாளையத்தில் பெரிய நெசவாளர். வீட்டிலேயே மூன்று தறி, வெளியில் ஐந்து. அவர் மனைவி ஞானாம்பாள் ஒரு காலத்தில் கோயில்களில் பதிகம் பாடியவர். அவர் பாட ஆரம்பித்தால் பூ விற்கிறவர்கள்கூடக் கூவுவதை நிறுத்துவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நான் நேரில் கேட்டதில்லை. நான் ஊருக்கு வரும் முன்பே அவருக்குத் தொண்டையில் கட்டி வந்து மெட்ராஸில் ஆபரேஷன் ஆகிவிட்டது. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. அதன்பின் அவருக்குப் பேச்சே காற்று மாதிரிதான். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

ஆபரேஷனுக்கு முன், சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் விளையாட்டாக அவர் பாட்டை ஒரு ஸ்பூலில் பதிந்து, அந்த ரிக்கார்டரையும் இங்கேயே விட்டுப் போயிருந்தார். உலகத்தில் ஞானாம்பாள் குரல் என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு ஸ்பூல்தான். அதுவும் நல்ல டேப் இல்லை. ஓட்டும்போதெல்லாம், டேப் உரசி ஓடுகிற ரிக்கார்டர் ஹெட்டில் பழுப்பு நிறத்தில் தூள் படிந்தது. அந்தத் தூள் வேறு ஒன்றுமில்லை, குரல்தான். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கொஞ்சம் உதிர்ந்துகொண்டிருந்தது. காப்பி எடுக்க இன்னொரு ஸ்பூல் மெஷின் வேண்டும், கேசட்டில் எடுத்தால் குரல் பாதிகூடத் தங்காது. ரங்கய்யா மெட்ராஸில் சொல்லி வைத்திருந்தார், வந்தபாடில்லை.

கச்சபேசன் கடைக்கு வந்து சொன்னது இதுதான்: "ரிக்கார்டர்ல இருக்கற ஸ்பீக்கர் ஈ கத்தற மாதிரி இருக்குதுபா. அவ கொரலு எப்டி இருந்திச்சோ அப்டியே வரணும். ஆனா ஒக்காந்து கேக்க நல்லாவும் இருக்கணும்."

அவர் கேட்டது இரண்டு. இரண்டும் ஒன்றென்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு ஜோடியிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினோம். பட்டு வாங்குகிறவர் மாதிரியே கேட்டார். ஒரே வரியை இதில் ஒரு தடவை, அதில் ஒரு தடவை. அதற்கு மேல் கேட்கவில்லை, டேப் தேயுமே என்ற பயம். ரங்கய்யாவின் பெட்டியில் கேட்டு, "சொகமா இருக்குதுபா, ஆனா இப்டி யார் பாடினாலும் சொகமாத்தான் இருக்கும்" என்றார். என் பெட்டியில் வரி முடிந்து ஞானாம்பாள் மூச்சு எடுத்த இடத்தில் அவர் கண் நிறைந்துவிட்டது. "இதான்பா அவ. அந்த மூச்சு இருக்குது பாரு, அத நான் மறந்தே போய்ட்டேன்."

ரங்கய்யா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் பாதி பெருமை, பாதி பொறாமை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

3. காணிக்கை மாதிரி ஒரு துணி

பெட்டிகளின் முன்பக்கத்துக்குத் துணி போட வேண்டும். மெட்ராஸில் அதற்கென்றே ஒரு துணி கிடைக்கும். அதைத்தான் கட்டுவதாக இருந்தேன்.

கச்சபேசன் சிரித்தார். "எங்க வூட்டுக்கு, கடைத்துணி போட்டு ஒரு சாமான் வர்றதா? ஊர்ல நாலு பேர் கேப்பாங்கப்பா."

பிள்ளையார்பாளையத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. ஞானாம்பாளே தறியில் உட்கார்ந்து இரண்டு முழம் நெய்து கொடுத்தார். அரக்கு நிறம், ஓரத்தில் மெல்லிய ஜரிகை. மூன்று இழை முறுக்கிய பட்டு, குறுக்கே ஓடும் ஊடை நூலை அடித்து அடித்து இறுக்கிய நெசவு. தன் குரல் குடியிருக்கப் போகிற பெட்டி அல்லவா, புடவைக்கு நெய்வதைவிட அக்கறையாக நெய்திருந்தார். நான் அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பெட்டிக்கு நாலு கொக்கி வைத்து மாட்டுகிற மாதிரி செய்தேன். ரங்கய்யா பார்த்துவிட்டு, "கடையிலயே இப்டி ஒண்ணு செஞ்சி வைடா" என்றார். எங்களில் ஒருவருக்குக்கூட ஒன்றும் தோன்றவில்லை. நான் அந்தத் தொழிலில் இருந்தவன். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

தறி ஓடாத அமாவாசை அன்று பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்தேன். துணிச்சட்டத்தை மாட்டினேன். கூடமே கோயில் மாதிரி ஆகிவிட்டது. டேப்பைப் போட்டேன். மேலே சொன்ன மாதிரி அவர் நிறுத்தச் சொன்னார்.

4. தலை சுற்றிய பதினைந்து நாள்

அடுத்த பதினைந்து நாள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

கச்சபேசன் சொன்னது பொய்யில்லை. எனக்கும் கேட்டது. குரல் கம்மியிருந்தது, கனத்திருந்தது. அந்த மூச்சு எங்கோ போயிருந்தது. ட்ரெபிள் குமிழைத் திருகி மேல் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது. ஆம்ப்ளிஃபயர் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கி வந்தேன். வால்வு ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். அதே கம்மல்.

அடுத்து பெட்டி. மாட்டு வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். வழியில் புழுதி படும் என்று ஞானாம்பாள் துணிச்சட்டங்களை மட்டும் கழற்றச் சொல்லி, வெள்ளை வேட்டியில் சுற்றி வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டார். கடையில் பெட்டியில் ரேடியோவைக் கொடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. திரும்ப வீட்டுக்கு. சட்டத்தை மாட்டினோம், டேப்பைப் போட்டோம். அதே கம்மல்.

"நம்ம கடையில நல்லாப் பாடுது, அவரு வூட்ல மாட்டேங்குது. பேய் புடிச்சிருக்குதாடா?" என்றார் ரங்கய்யா.

எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கரண்டில் வோல்டேஜ் கம்மி என்று நினைத்து மீட்டரோடு போய் உட்கார்ந்தேன். வோல்டேஜ் ராஜா மாதிரி இருந்தது. ரிக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பஞ்சில் பழுப்புத் தூள் வந்தது. அதைக் கச்சபேசன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

நான் போய் நின்றாலே வீட்டில் மூன்று தறியும் நிற்கும். சத்தம் இருக்கக் கூடாதே. நெய்கிறவர்கள் இறங்கி வந்து சுவரோரம் நின்று என்னை வேடிக்கை பார்ப்பார்கள். அத்தனை கண் முன்னால், கூடத்துச் சுவரில் தொங்கிய சாயப் பட்டுக் கட்டுகளைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. பட்டு, சத்தத்தைக் குடிக்கிறது! படித்த பாடம் நினைவு வந்ததில் குதித்தேன். கட்டுகளை எல்லாம் வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன். பாவம், வீடே சேர்ந்து தூக்கியது. கூடம் மொட்டையாகக் கிடந்தது. டேப்பைப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. நெசவாளி ஒருவர், "அடுத்து எங்களையும் வெளிய போவச் சொல்லுவியாபா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், கச்சபேசனைத் தவிர.

பட்டு குடிக்கிறது என்று வாயால் சொன்னவன், பெட்டியின் முகத்திலேயே கட்டியிருந்த பட்டைப் பார்க்கவில்லை. என்னவென்று சொல்வது?

அந்த நாட்களிலும் ஞானாம்பாள் ஒரு தடவை என் பக்கம் குனிந்து, "இருக்கட்டுமே தம்பி, இதுவே நல்லாத்தான் இருக்குது" என்றார். நான் பரிதாபமாகச் சிரித்துத் தலையாட்டினேன்.

அன்று வாசலில் என்னைக் கச்சபேசன் தனியாக அழைத்தார். "தம்பி, நீ சோதிச்சிச் சோதிச்சி டேப்பு தேஞ்சிக்கினு வருது. இன்னும் எத்தினி தடவ ஓட்டுவ? அவ கொரல நானே காசு குடுத்து அழிக்கிற மாதிரி ஆயிடும் போலருக்குதுபா." ரங்கய்யாவோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "இன்னொரு தடவ பாரு. ஆவலன்னா பெட்டிய எடுத்துட்டு வா. நீ மறுபடி கொழாய் கட்டப் போ."

5. நாலு கொக்கி

கடைசித் தடவை பெட்டிகளை மறுபடி கடைக்கு எடுத்துப் போய் ட்வீட்டரைக் கழற்றிப் பூட்டிக் கொண்டுவந்திருந்தேன். ஞானாம்பாள் சட்டங்களை எடுக்க உள்ளே போனார். அவர் வர நேரமானது. பொறுமை இல்லாமல், சட்டம் மாட்டாமலே டேப்பை ஓடவிட்டேன்.

குரல் எழுந்தது. வரி முடிந்தது. அந்த மூச்சு!

"அவதான்! அவதான்பா!" கச்சபேசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நெசவாளிகள் கை தட்டாத குறை. டேப்பை நிறுத்தினேன். ட்வீட்டர் ஒயரில் ஏதோ கோளாறு, கழற்றிப் பூட்டியதில் சரியாகிவிட்டது என்று மனசுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

ஞானாம்பாள் சட்டங்களைக் கொண்டுவந்தார். மாட்டினேன். இன்னும் ஒரு வரி கேட்கட்டும் என்று ஓடவிட்டேன். கம்மிவிட்டது.

கழற்றினேன். வந்தது. மாட்டினேன். போயிற்று. டேப்பை நிறுத்திவிட்டு, துணியில் வாயை வைத்து ஊதி, மறுபக்கம் கையை வைத்துப் பார்த்தேன். காற்று துளிகூட வரவில்லை. ஸ்பீக்கர் துணிக்கு முதல் சோதனையே அதுதான், எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். நான் ஊதிப் பார்க்கவே இல்லை. பட்டு என்றதும், அந்த அம்மாள் நெய்தது என்றதும், மரியாதையில் புத்தி வேலை செய்யவில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம், எப்படிச் சொல்வது? காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளியிடம், அதுவும் அவர் மனைவி நெய்ததை, நெசவு நெருக்கமாக இருப்பதுதான் குறை என்று சொல்வதா?

"ஐயா... துணிதான் அடைக்குது" என்றேன்.

"இன்னாபா சொல்ற?" என்றார் கச்சபேசன். "எதிர்வெயில்ல புடிச்சாலும் ஒரு பொட்டு வெளிச்சம் பூராத நெசவு அது. அதுல குத்தமா?"

"குத்தம் இல்லைங்கையா. வெளிச்சம் பூரலன்னா கொரலும் பூராது."

சட்டத்தைக் கையில் வாங்கினார். அவரும் ஊதிப் பார்த்தார். நெசவாளிகளிடம் கொடுத்தார், அவர்களும் வரிசையாக ஊதினார்கள். பிறகு கச்சபேசன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஞானம், நீ ரொம்ப நல்லா நெஞ்சிட்ட போ!"

பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தோம். அவர் திறந்த பெட்டியில் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார். ஞானாம்பாளும் தூணோரம் நின்று கேட்டார். முடிந்ததும் அவர் கணவர் பக்கத்தில் வந்து குனிந்து ஏதோ சொன்னார். கச்சபேசன் முகம் மாறியது.

"இன்னா சொல்றாங்க ஐயா?"

"இது யாருன்னு கேக்கறா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஞானாம்பாள் என் பக்கம் திரும்பினார். நான் போய்க் காதைக் கொடுத்தேன். "துணி போட்டு வந்திச்சே, அதான் தம்பி என் கொரலு. டேப்பு வந்த நாளா நான் கேக்கறேன், அதுல ஒரு நாளும் நான் வந்ததில்ல. யாரோ பாடற மாதிரிதான் இருக்கும். மெஷினு அப்டித்தான் போலன்னு வுட்டுட்டேன். அந்த அமாவாசைக்குத்தான் மொதல்மொதல்ல நானா வந்தேன். அத நீங்க ரெண்டு பேரும் சரி பண்றேன் சரி பண்றேன்னு..."

மேலே அவருக்கு மூச்சு போதவில்லை. பதினைந்து நாளாக அந்த அம்மாள் சொன்ன 'நல்லாத்தான் இருக்குது' முழுவதும் ஒரே நேரத்தில் என் காதில் விழுந்தது. அவருடைய குரல் எது? முப்பது வருஷம் எதிரில் உட்கார்ந்து கேட்டவர் ஒன்றைச் சொல்கிறார். பாடியவர் இன்னொன்றைச் சொல்கிறார். இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். நான் எந்தக் கணக்கில் பெட்டி கட்டுவது?

"துணிய மாட்டிடுப்பா. அவளுக்குப் புடிச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றார் கச்சபேசன்.

மாட்டப் போனேன். ஞானாம்பாள் என் கையைப் பிடித்துத் தடுத்தார். தொறந்தே இருக்கட்டும் என்று சைகை காட்டினார்.

"மாட்டுன்றன் இல்ல?" என்றார் கச்சபேசன்.

மீண்டும் போனேன். மீண்டும் கை. ஒரு பெட்டியில் சட்டம் ஏறியது, இன்னொரு சட்டம் என் கையிலேயே நின்றது. இரண்டு பேருக்கும் நடுவில் கொக்கியும் கையுமாக நின்றேன். கடைசியில், "ரெண்டு பேரும் பேசி வைங்க, நான் நாளைக்கு வரேன்" என்று சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். தப்பித்து ஓடினேன் என்று சொன்னாலும் சரிதான்.

கடையில் ரங்கய்யாவிடம் சொன்னேன். அவர் மைக்கை என் வாய்க்கு முன் வைத்து, கடையில் ரிப்பேருக்கு வந்திருந்த கேசட் ரிக்கார்டரில் நாலு வார்த்தை பதிந்து போட்டுக் காட்டினார். எவனோ மூக்கால் பேசினான்.

"இது நான் இல்ல மொதலாளி."

"நீயேதான்டா. ஊரே தெனம் கேக்குது. உனக்கு மட்டும்தான் தெரியாது."

காதைப் பொத்திக்கொண்டு பேசிப் பார்த்தேன். கனமாக, கம்மலாக, நான் அறிந்த என் குரல் உள்ளேயிருந்து வந்தது. தன் குரல் தனக்குக் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, எலும்பு வழியாகவும் வருகிறது, அதனால்தான் கனமாகக் கேட்கிறது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். அந்தக் கனத்தைத்தான் மூன்று இழைப் பட்டு தற்செயலாகக் கொண்டுவந்திருந்தது.

6. இரண்டு நாற்காலி

மறுநாள் போனேன். பெட்டிகள் நான் விட்ட மாதிரியே இருந்தன. ஒன்று பட்டு கட்டியிருந்தது, இன்னொன்று திறந்திருந்தது. நாற்காலிகள்தான் இடம் மாறியிருந்தன. பட்டுப் பெட்டிக்கு எதிரில் ஒன்று, திறந்த பெட்டிக்கு எதிரில் ஒன்று.

"எதுக்குபா ரெண்டு பெட்டின்னு அன்னைக்கு உங்க மொதலாளிய கேட்டேன். இப்ப தெரிஞ்சிச்சி" என்றார் கச்சபேசன். ஞானாம்பாள் காப்பி கொடுத்தார். அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

ரங்கய்யா ஒரு நாள் வந்து பார்த்தார். "ஜோடியில ஒண்ணு மட்டும் பொடவ கட்டிக்கினு நிக்கிது. எந்தக் கடையில இப்டி விப்பான்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் குழாய் கட்ட என்னை அனுப்பவில்லை. மெட்ராஸிலிருந்து மெஷின் வந்ததும் முதல் வேலையாக அந்த ஸ்பூலுக்கு இரண்டு காப்பி எடுத்தோம்.

அமாவாசைதோறும் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு தடவை கொக்கி தளர்ந்து துணி அதிர்ந்தபோது நான் போய் ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். அப்போது கச்சபேசன் மெதுவாகச் சொன்னார்: "சில நாளு நான் அவ நாற்காலியில ஒக்காந்து பாப்பேன்பா, அவ இன்னா கேக்கறான்னு. எனக்கு யாரோ பாடற மாதிரி இருக்குது. அவ மட்டும் ஒரு நாளும் இந்தப் பக்கம் வரமாட்டா. அந்தப் பொம்பள பாடறது எனக்கு வேணாம்னுவா."

7. கடையில் சத்தம் நின்ற நாள்

சில வருஷம் கழித்து ஒரு பகல் வேளை. கடையில் நாலு ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஞானாம்பாள் நின்றார். கச்சபேசன் ஐயா காலமாகி மூன்று மாசம் ஆகியிருந்தது. அந்த அம்மாளின் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு ரேடியோவாக அணைத்தேன். கல்லாவில் இருந்த ரங்கய்யாவும் தன் டிரான்சிஸ்டரை அணைத்தார். ரேடியோ கடை அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"அந்தப் பெட்டித் துணிய வந்து எடுத்துடு தம்பி."

"ஏம்மா, கிழிஞ்சிடுச்சா?"

"இல்ல. அவரு நாற்காலியில ஒக்காந்து பாத்தேன். பக்கத்துல என் பெட்டியும் சேந்து கேக்குது. அவரு எந்தக் கொரலக் கேட்டுக்கினு இருந்தாருன்னு எனக்குத் தெரியணும்."

உடனே சைக்கிளில் போனேன். ஸ்க்ரூவைக் கழற்றி, சட்டத்தை இறக்கினேன். இப்போது இரண்டு பெட்டியும் திறந்திருந்தன. காப்பி எடுத்த டேப்பைப் போட்டேன். அவர் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். தறிகளை நிறுத்தச் சொல்லத் தேவையே இருக்கவில்லை, அவர்களாகவே நிறுத்தியிருந்தார்கள். ஒரு வரி முடிந்து அந்த மூச்சு வந்தது. ஞானாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி வரை அசையவில்லை.

டேப் ஓடி முடிந்து வால் படபடத்தது. நான் எழுந்து நிறுத்தினேன். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"நல்லாத்தான் பாடியிருக்கறா" என்றார்.

சட்டத்தை என்ன செய்வது என்று கேட்டேன். வெள்ளை வேட்டியை எடுத்து வந்து அவரே சுற்றி வைத்தார். நான் வாசலுக்கு வந்து சைக்கிளை எடுப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

எது நிஜமான குரல், எது கேட்க சுகமான குரல் என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மெக்கானிக்கை நான் நம்புவதும் இல்லை. துணியை மட்டும் ஊதிப் பார்க்காமல் கட்டமாட்டேன். எது நல்ல ஸ்பீக்கர் என்று கேட்டுத் தனியாக ஒருவர் வந்தால், அவருக்கு ஒரு பெட்டியையும் போட்டுக் காட்டுவதில்லை. "வூட்ல இன்னும் யாரு கேப்பாங்க? அவங்களையும் கூட்டிக்கினு வாங்க" என்று அனுப்பிவிடுகிறேன்.